புதன்கிழமைக் குஞ்சுகள்

குணாளனுக்குக் குஞ்சு பொரிக்கும் கிறுக்கு ஒரு பழைய ஃப்ரிட்ஜால் வந்தது. ஆலைக் கேண்டீனில் கெட்டுப்போனதென்று வெளியே தள்ளியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளே நாலு பல்பும் ஒரு சின்னக் காற்றாடியும் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியும் பொருத்தினார். தொண்ணூறு முட்டை வைக்கலாம். செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தாறு வருடமாக ஃபிட்டராக இருப்பவருக்கு அது பெரிய வேலை இல்லை. அதற்குப் பிறகுதான் வேலை. நாளைக்கு மூன்று தடவை முட்டையைத் திருப்ப வேண்டும். தண்ணீர்த் தட்டு வற்றக் கூடாது. ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டையையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே மெல்லிய ரத்த நரம்பு ஓடுகிறதா என்று பார்த்துக் கூமுட்டைகளைப் பொறுக்கிப் போட வேண்டும்.

நீலாய்க்கும் சிரம்பானுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் இப்போது பதினாலு தமிழ்க் குடும்பங்கள்தான். பாதிப் பேர் நீலாய் ஃபேக்டரிகளுக்குப் போய் வருகிறார்கள். ஆனாலும் கோழி வளர்க்காத வீடு இல்லை. யார் வீட்டுக் கோழி நொண்டினாலும் முட்டை இடாமல் போனாலும் குணாளனைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் போய்ப் பார்த்துவிட்டு, எல்லாரிடமும் ஒன்றையே சொல்வார். "புதுசா கோழி வாங்கினா ரெண்டு வாரம் தனியா அடைச்சு வைங்க. அப்புறம்தான் மத்ததோட விடணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே ஒரு சேவல் வாங்கினார். கோலா கிளாவாங் பாசாரில் ஒரு பழைய சிநேகிதரைப் பார்க்கப் போனவர், கருத்த கால்களும் செம்பு நிற இறகுகளுமாக அது கூண்டில் நின்ற நிற்பைப் பார்த்து, விட்டுவிட்டு வர முடியாமல் கொண்டுவந்தார். தனிக் கூண்டின் கம்பி அறுந்து கிடந்தது. ரெண்டு நாளில் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து, சேவலைத் தன் ஆறு பெட்டைகளோடு விட்டார்.

"ஊருக்கே சொல்றீங்க, நம்ம வீட்டுக்கு இல்லையா?" என்றாள் மனைவி மோகனா.

"நல்ல சேவல்லா. கண்ணைப் பாரு, எவ்ளோ தெளிவா இருக்கு."

மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, ஆலைக்குப் புறப்படும் முன் தீனி வைக்கப் போனபோது சேவல் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. இரண்டு தடவை தும்மியது. அடியில் எச்சம் பச்சையாக, தண்ணீராகக் கிடந்தது. குணாளன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். முந்தின நாள் நல்ல மழை. சளி பிடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மஞ்சளும் சின்ன வெங்காயமும் இடித்து அதன் வாயில் ஊட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று மாலை அடுத்த வீட்டு ராக்கம்மாவுக்குக் குஞ்சு கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

ராக்கம்மாவுக்கு அறுபத்தொன்று. தோட்டத்தில் முப்பது வருடம் மருந்தடித்தவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. மகன் புவனேஸ்வரன் ஜொகூர் பக்கம் லோரி ஓட்டுகிறான். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பான். மருமகள் ஷாமினி வந்து ஒன்றரை வருடம், நீலாயில் ஒரு ஃபேக்டரியில் வேலை. ராக்கம்மாவின் பகல் முழுக்கக் கோழிகளோடுதான். இருபத்து மூன்று உருப்படி. அவற்றில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று பதினெட்டு நாளாக அடைகாத்த முட்டைகளை ஒரு மத்தியானம் உடும்பு வந்து தின்றுவிட்டது. கோழி மட்டும் வெறுங்கூட்டிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. தீனிக்குக்கூட இறங்காமல் கிடந்து மெலிந்தது.

"பார்க்க முடியல தம்பி," என்று முந்தின நாளே ராக்கம்மா வந்து நின்றிருந்தார். "ஒன் பொட்டியில பொரிச்சதுல ஒரு பத்துக் குஞ்சு குடு. அது மனசு ஆறட்டும்."

புதன்கிழமை பொரித்த குஞ்சுகள் வீட்டுக்குள் பெட்டியில்தான் இருந்தன. சேவலின் பக்கமே போகவில்லை. குணாளன் அதை நினைத்துக்கொண்டார். தாய்க்கோழி ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பொரித்த ஓரிரு நாளுக்குள், இருட்டுகிற நேரத்தில் வைத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அது கொத்தும். அதையும் நினைத்துக்கொண்டார். அந்தச் சுற்றில் தேறிய பன்னிரண்டு குஞ்சுகளையும் அட்டைப்பெட்டியில் எடுத்து, கீழே பரப்பக் கோழிக்கூண்டு ஓரத்திலிருந்து உமியை அள்ளிப் போட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

ராக்கம்மா சாக்குத் திரையை விலக்கிப் பிடித்தார். குணாளன் ஒவ்வொரு குஞ்சாகக் கையில் பொத்தி எடுத்து, கோழியின் வயிற்றுக்கடியில் தள்ளினார். முதல் குஞ்சுக்கு அது கழுத்தை நீட்டிச் சீறியது. மூன்றாவதற்கு உடம்பைக் கொஞ்சம் தூக்கி இடம் விட்டது. பன்னிரண்டும் உள்ளே போனதும் தொண்டைக்குள் கொக்கொக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. தாய்க்கோழி குஞ்சோடு மட்டுமே பேசும் சத்தம் அது.

ராக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "புண்ணியமாப் போவும் தம்பி," என்றார்.

சேவலைப் பற்றிச் சொல்ல அதுதான் நேரம் என்று குணாளனுக்குத் தெரிந்தது. சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். மறுநாள், வியாழக்கிழமை, அடுத்த சுற்றுக்கு, தன் கோழிகள் இட்டதும் பக்கத்து வீடுகளில் வாங்கியதுமாக எண்பத்திரண்டு முட்டைகளை அந்த ஃப்ரிட்ஜ் இன்குபேட்டரில் அடுக்கினார்.

வெள்ளிக்கிழமை சேவல் செத்தது. அடுத்த மூன்று நாளில் அவருடைய பெட்டைகளில் நாலு செத்தன. ஆலைக்குப் பின்னால் செம்பனை வரிசையில் குழி வெட்டிப் புதைத்தார். மோகனா கேட்டதற்கு, மழையில் நனைந்த சளி என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை ராக்கம்மாவின் சாம்பல் கோழி தலை தொங்கி நின்றது. மறுநாள் காலையில் அதன் கழுத்து முறுக்கிக்கொண்டு கொண்டை தரையைத் தொட்டது. சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. குஞ்சுகள் அதன் மேல் ஏறி ஏறி இறங்கின. பிறகு குஞ்சுகள். பிறகு மற்றவை. செவ்வாய்க்கிழமைக்குள் கொட்டகையில் ஒன்றுகூட இல்லை.

அன்று மாலை ராக்கம்மா குணாளனைக் கூப்பிட்டு அனுப்பினார். கடைசியாகச் செத்த ஐந்து கோழிகள் உரச்சாக்கில் கிடந்தன. வாசலில் ஷாமினி, ஃபேக்டரிச் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நீ கோழி தெரிஞ்சவன். நீயே சொல்லு தம்பி," என்றார் ராக்கம்மா. "போன வாரம் இவ பாசார்லேருந்து கோழித்தோலும் கொடலும் கொண்டாந்து என் கோழிக்குப் போட்டா. நா வேணாம்னு சொல்லல, எனக்குத் தெரியவே தெரியாது. கடைக்கறியிலேருந்து சீக்கு வருமா வராதா?"

"அங்கிள், கோழிங்க சாப்பிடுமேன்னு நல்லதுக்குத்தான் போட்டேன்," என்றாள் ஷாமினி. "எனக்குத் தெரியாது."

இரண்டு பெண்களும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"வரலாம்க்கா," என்றார் குணாளன். "அப்படியும் வர்றதுண்டு."

அது பொய் இல்லை. கடைக்கறிக் கழிவிலிருந்து கழுத்து முறுக்கும் அந்த நோய் வருவதுண்டு. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்தது. "இந்த வீட்டுல உசுரோட இருந்ததையெல்லாம் அழிச்சிட்டியே." ராக்கம்மாவின் குரல். ஷாமினியின் குரல் கேட்கவே இல்லை. எட்டு மணி வாக்கில் ஒரு கார் வந்து நின்றது. அவள் அண்ணன் முகுந்தன் வந்து பாரோயில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அவளை அழைத்துப் போனான்.

மூன்று நாள் குணாளன் ஆலையில் வேலையாகவே இருந்தார். இல்லாத வேலையைத் தேடிச் செய்தார். வீட்டுக்கு வந்தால் இன்குபேட்டர் முன்னால் உட்கார்ந்து முட்டைகளைத் திருப்பினார். மேலே பென்சிலால் போட்ட குறி கீழே போகும், கீழே இருந்தது மேலே வரும். எழுபதுக்கு மேல் உயிர் பிடித்திருந்தன. இத்தனை நல்ல சுற்று அவருக்கு இதுவரை வாய்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை புவனேஸ்வரன் வந்தான். லோரியிலிருந்து இறங்கி நேராக அவர் வீட்டுக்குத்தான் வந்திருந்தான்.

"அங்கிள், நீங்க கொஞ்சம் பேசணும். ஷாமினிகிட்ட போன் போட்டுச் சொல்லுங்க, அம்மாகிட்ட ஒரு சோரி கேட்டா முடிஞ்சிரும்னு. நா சொன்னா கேக்கமாட்டேங்குறா. நீங்க சொன்னா கேப்பா. கோழி வெவரம் உங்களுக்குத்தான் தெரியும்."

குணாளன் அவன் கையிலிருந்த போனைப் பார்த்தார். "நாளைக்குப் பேசுறேன் தம்பி," என்றார்.

அவன் போனதும் மோகனா சமையலறைக் கதவருகே நின்றபடி கேட்டாள். "சேவல் செத்தத அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"குஞ்சு குடுக்கப் போனப்ப அது சீக்கா இருந்துச்சா?"

அவர் இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டை இழுத்துப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைய மன்னிப்பு கேக்கச் சொல்லி நீங்களே போன் போடப் போறீங்களா?" என்றாள் மோகனா. குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் குணாளன் ராக்கம்மாவின் வீட்டு வாசலில் நின்றார். ராக்கம்மா காலிக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். கோழிகள் இல்லாத கொட்டகையையும் தினமும் கூட்டினார். புவனேஸ்வரன் பின்னால் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒங்க கோழிங்க செத்தது ஷாமினியால இல்ல," என்றார் குணாளன். "என்னால."

ராக்கம்மா விளக்குமாற்றை நிறுத்தினார்.

"கோலா கிளாவாங்லேருந்து ஒரு சேவல் வாங்கிட்டு வந்தேன். தனியா வைக்கல. அதுக்கு வந்த சீக்குதான் இது. கழுத்து முறுக்குச்சே, அதே சீக்கு. என் கோழியும் நாலு செத்துச்சு. குஞ்சு கொண்டாந்தப்ப என் கையிலயும் செருப்புலயும் உமியிலயும் கொண்டாந்து உட்டுட்டேன்."

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"புதன்கிழமை."

"குஞ்சு வெச்ச புதன்கிழமையா?"

"அன்னிக்குக் காலையிலயே. சந்தேகமா இருந்துச்சு. சளின்னு நெனைச்சுக்கிட்டேன். நெனைச்சுக்கணும்னு நெனைச்சேன்க்கா."

"செவ்வாக்கிழமை ஒன்னைக் கேட்டேனே."

"கேட்டீங்க."

ராக்கம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். திட்டுவார் என்று குணாளன் காத்திருந்தார். திட்டியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். ராக்கம்மா காலித் தீனித் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். புவனேஸ்வரன் வாயில் நுரையோடு வந்து நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்கிட்ட சொன்னது பத்தாது," என்றார் ராக்கம்மா கடைசியில். "காடிய எடு. அவகிட்ட வந்து சொல்லு."

மூன்று பேரும் குணாளனின் பழைய காரில் பாரோய்க்குப் போனார்கள். ராக்கம்மா பின் சீட்டில் உட்கார்ந்தார். சிரம்பான் சிக்னலில் நின்றபோது ராக்கம்மா, "கொடலு போட்டவள கொலகாரின்னு சொல்லிட்டேன்," என்றார். அது யாருக்கும் சொன்னதாக இல்லை.

ஷாமினியின் அம்மா வீடு ஒரு தாமான் குடியிருப்பில், மாடி இல்லாத வீடு. ஷாமினி கேட்டைத் திறந்தாள். மாமியாரைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. குணாளன் கேட் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சேவல், புதன்கிழமை, உமி, செவ்வாய்க்கிழமை மாலை சொன்ன 'வரலாம்' என்கிற வார்த்தை, எதையும் விடவில்லை. சொல்லி முடித்து, "என்னை மன்னிச்சிரும்மா," என்றார்.

ஷாமினி கேட்டின் தாழ்ப்பாளை நகத்தால் சுரண்டினாள்.

"நானும் நம்பிட்டேன் அங்கிள்," என்றாள். "நாந்தான் கொன்னேன்னு நானே நம்பிட்டேன். நாலு நாளா கோழிக்கறிய தொடல. கைய எவ்ளோ கழுவினாலும் அந்த நாத்தம் போகல. அந்தச் சின்னக் குஞ்சுங்க தாய் மேல ஏறி ஏறி எறங்குச்சில்ல, கண்ண மூடினா அதான் தெரியுது. நீங்க சொல்லாம இருந்திருந்தா சாவுற வரைக்கும் நாந்தான்னு நெனைச்சிருப்பேன்."

குணாளன் தலையைக் குனிந்துகொண்டார்.

ராக்கம்மா ஒரு அடி முன்னால் வந்தார். "வா, வீட்டுக்குப் போலாம்," என்றார்.

"இன்னிக்கு வேணாம் அத்தை."

"நா சொன்னது தப்பு."

"தெரியும் அத்தை. இன்னிக்கு வேணாம்."

புவனேஸ்வரன் அங்கேயே தங்கிவிட்டான். ராக்கம்மாவும் குணாளனும் மட்டும் திரும்பி வந்தார்கள். இறங்கும்போது ராக்கம்மா காரின் கதவை மெதுவாகத்தான் சாத்தினார். "இனிமே என் வாசப்படி மிதிக்காத," என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

அன்றே குணாளன் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் போய், என்ன நோய், எப்படி வந்தது, யாரால் வந்தது என்று சொன்னார். சிலர், நல்லவேளை இப்போதாவது சொன்னீர்கள் என்றார்கள். நல்லசாமி என்பவர் அவர் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினார். திங்கட்கிழமை குணாளனே கால்நடை இலாகாவுக்குப் போன் செய்தார். செவ்வாய்க்கிழமை ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார். முப்பது வயதிருக்கும் பெண். காலுக்கு உறை மாட்டிக்கொண்டு குணாளனின் கோழிக்கூண்டைப் பார்த்தார், மீதியிருந்த இரண்டு பெட்டைகளைப் பார்த்தார், மலாயில் நிதானமாக விளக்கினார். இருப்பதை அழிக்க வேண்டும். கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்து மூன்று மாதம் காலியாக விட வேண்டும். லயத்தின் மற்ற கோழிகளுக்கு உடனே தடுப்பு மருந்து போட வேண்டும்.

பிறகு அவர் இன்குபேட்டரைப் பார்த்தார். "இது எத்தனையாவது நாள்?"

"பத்தொன்பது."

கதவைத் திறந்தபோது உள்ளிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டது. ஓடு உடையவில்லை. ஆனால் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே கூப்பிட ஆரம்பித்திருந்தன. ஒன்று கூப்பிட, இன்னொன்று பதில் கொடுத்தது. அதிகாரி கதவைச் சட்டென்று மூடவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இவங்களை வெச்சுக்கலாமா?" என்று குணாளன் மலாயில் கேட்டார். "வெளியில விடமாட்டேன். வீட்டுக்குள்ளயே வளப்பேன்."

"பாக்சிக், நோய் வந்த கோழிகளோட முட்டையும் இதுல இருக்கு. நோய் இருக்கும் வீடு," என்று மாமா முறை வைத்தே சொன்னார் அவர். "பொரிச்சு ஒரு வாரம் கழிச்சு ஒவ்வொண்ணா விழ ஆரம்பிக்கும். மறுபடி எல்லா வீட்டுக்கும் போகும். உங்களை நான் வற்புறுத்தல. ஆனா நான் உங்க இடத்துல இருந்தா செய்ய மாட்டேன்."

அவர் போன பிறகு குணாளன் நாற்காலி போட்டு இன்குபேட்டர் முன்னால் உட்கார்ந்தார். மோகனா வந்து பக்கத்தில் நின்றாள். எண்பத்திரண்டில் எழுபத்தாறு முட்டைகள். நாளை மறுநாள் அந்த அறை முழுவதும் ஈரமும் மஞ்சளுமாக இருந்திருக்கும்.

"நா செய்யவா?" என்றாள் மோகனா.

"வேணாம். நாந்தான் செய்யணும்."

அதிகாரி சொல்லிக்கொடுத்தபடி, இரண்டு பெட்டைகளையும் பிறகு முட்டைகளையும், அவை துன்பப்படாமல் சீக்கிரம் முடிகிற விதத்தில் முடித்தார். ஒன்றைக்கூட இன்னொருவர் கையில் கொடுக்கவில்லை. முடிந்த பிறகு செம்பனை வரிசைக்குப் போய், சேவலைப் புதைத்த இடத்திலிருந்து தள்ளி, ஆழமாகக் குழி வெட்டினார். வெட்டும்போது இரண்டு தடவை நிறுத்தி மண்வெட்டிக் காம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். சுண்ணாம்பைக் கொட்டி மண்ணைத் தள்ளி மிதித்து வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவர் அழுவது மோகனாவுக்குக் கேட்டது. அவள் கதவைத் தட்டவில்லை.

லயத்தில் அதற்குப் பிறகு வேறு எந்த வீட்டிலும் கோழி சாகவில்லை. எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து போட்டார்கள். ஷாமினி இரண்டு வாரம் கழித்துப் புவனேஸ்வரனோடு வந்தாள். மாமியாரும் மருமகளும் முன்பு போல் சிரித்துப் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஷாமினி வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கும்போது ராக்கம்மா வாசலில் நின்றார். முன்பு அப்படி நின்றதில்லை.

குணாளன் அந்த வாசலை மிதிக்கவில்லை. ராக்கம்மா எதிரில் வந்தால் ஒதுங்கி நிற்பார். ராக்கம்மா தாண்டிப் போவார். இப்படியே ஐந்து மாதம் போனது. தீபாவளிக்கு மோகனா பலகாரத் தட்டு அனுப்பினாள். காலித் தட்டு திரும்பி வந்தது, கழுவித் துடைத்து.

ஜனவரியில் ராக்கம்மா மறுபடியும் கோழி வாங்கினார். குணாளனிடம் கேட்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது நாலு இளம் பெட்டைகள் தனியாக ஒரு புதுக் கூண்டில் இருப்பது தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஷாமினி வேலியோரம் வந்தாள். கையில் ஒரு சின்ன மருந்துக் குப்பி. "அங்கிள், கண்ணுல தடுப்பு மருந்து போடணும். அத்தையால ஒத்தையா பிடிக்க முடியல. எனக்குக் கோழியத் தொட இன்னும் வரமாட்டேங்குது."

"அக்கா கூப்பிட்டாங்களா?"

"நா கூப்பிடுறேன்."

குணாளன் கை கால் கழுவிக்கொண்டு போனார். வாசல் பக்கம் போகாமல் பின்வேலியைச் சுற்றிக் கொட்டகைக்குப் போனார். ராக்கம்மா ஒரு கோழியை மடியில் அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. குணாளன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோழியின் இமையை விரலால் விலக்கி, ஒரு சொட்டு விட்டார். கோழி கண்ணைச் சிமிட்டி மருந்தை உள்ளே வாங்கிக்கொள்ளும்வரை இரண்டு பேரும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாலும் முடிந்ததும் குணாளன் எழுந்தார்.

"மறுபடி எப்ப போடணும்?" என்றார் ராக்கம்மா, கோழியைத் தரையில் விட்டுக்கொண்டே.

"மூணு வாரம் கழிச்சுக்கா."

"சரி," என்றார் ராக்கம்மா. "வந்து போட்டுட்டுப் போ."